கேட்கும் விலை, படியும் விலை: வாசகர் கேள்வி – பதில்

பழைய ஸ்போர்ட்ஸ் கார், டர்போ கார், கூரை திறக்கும் இரண்டு சீட்டுக் கார் என்று பிரியர்கள் தேடிப்பிடித்து வாங்கும் வண்டிகளை எப்படி விலை மதிப்பது என்று வந்த கேள்விகள் இந்த முறை. சாதாரணக் குடும்பக் கார் என்றால் வயதையும் கிலோமீட்டரையும் வைத்தே ஓரளவு கணக்குச் சொல்லிவிடலாம். இந்த வகைக் கார்களுக்கு அது போதாது. எந்த நாட்டுப் பணத்துக்கும் பொருந்துவதற்காக, நல்ல நிலையில் உள்ள காரின் விலையை 100 பங்கு என்று வைத்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: ஒரே மாடல், ஒரே ஆண்டு. ஒருவர் கேட்பதைப்போல் இரண்டு மடங்கு இன்னொருவர் கேட்கிறார். எதை நம்புவது?

இரண்டையும் நம்பவேண்டாம். விளம்பரத்தில் இருப்பது விற்பவரின் ஆசை. கைமாறியபோது படிந்த தொகைதான் சந்தை விலை. பிரிங் எ ட்ரெய்லர், கலெக்டிங் கார்ஸ் போன்ற இணைய ஏலத் தளங்கள் முடிந்துபோன ஏலங்களின் தொகையைப் படங்களோடும், பார்த்தவர்கள் கேட்ட கேள்விகளோடும் அப்படியே வைத்திருக்கின்றன. அங்கிருந்து தொடங்குங்கள்.

கடந்த 12 மாதங்களில் விற்ற பத்துப் பன்னிரண்டு கார்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே தலைமுறை, அதே எஞ்சின், அதே கியர்பாக்ஸ், அதே பாடி. இந்த நான்கும் ஒத்துப்போகாத காரைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். பிஎம்டபிள்யூ ஈ46 எம்3-யில் கையால் கியர் போடும் காரும் கிளட்ச் பெடல் இல்லாத எஸ்எம்ஜி கியர்பாக்ஸ் காரும் சந்தையைப் பொறுத்தவரை இரண்டு வெவ்வேறு கார்கள். பிறகு பட்டியலின் உச்சியில் உள்ள ஒன்றையும் அடியில் உள்ள ஒன்றையும் நீக்குங்கள். உச்சியில் இருப்பது பெரும்பாலும் இரண்டு பேர் விட்டுக்கொடுக்காமல் மோதியதால் ஏறிய விலை. அடியில் இருப்பதில் படத்தில் தெரியாத ஏதோ ஒரு சங்கதி இருக்கும். மிஞ்சியதன் நடுப்பகுதிதான் உங்கள் 100.

ஏலத் தொகையைப் படிக்கும்போது சில விஷயங்களைக் கவனிக்கவேண்டும். வாங்குபவர் ஏலத் தொகைக்கு மேல் தளத்துக்குக் கட்டணம் கட்டுகிறார்; அவர் கையைவிட்டுப் போன பணம் அதையும் சேர்த்துத்தான். ரிசர்வ் தொகையை (விற்பவர் முன்பே குறித்த குறைந்தபட்ச விலையை) எட்டாமல் விற்காமலே நின்ற ஏலத்தையும் தள்ளிவிடாதீர்கள். கடைசியாகக் கேட்கப்பட்ட தொகைக்கு ஓர் ஆள் தயாராக இருந்தார் என்பது உறுதி. அது நல்ல அடிமட்டக் கணக்கு. விளம்பரங்களுக்கும் ஒரு பயன் உண்டு. தேதி போட்டு வாரம் ஒருமுறை குறித்துவாருங்கள். ஒரே வாரத்தில் மறைந்த கார் பெரும்பாலும் கேட்ட விலைக்குப் பக்கத்தில் போயிருக்கும். மூன்று மாதமாக விலை இறங்கி இறங்கி அங்கேயே நிற்கும் கார், அந்த விலைக்கு ஆள் இல்லை என்று சொல்லாமல் சொல்கிறது.

பழைய கார்களுக்கான ஹேகர்ட்டி விலைக் கையேடு கார்களை 1 முதல் 4 வரை நான்கு நிலையாகப் பிரிக்கிறது. 1 என்பது போட்டிக் கண்காட்சியில் நிறுத்தும் தரம். 3 என்பது நன்றாக ஓடும், கிட்டப்போய்ப் பார்த்தால் சிறு குறைகள் தெரியும் கார். தன் காரை 3 என்று சொல்லும் விற்பனையாளர் அபூர்வம். லிஃப்டில் ஏற்றினால் முக்கால்வாசி 2-கள் 3 ஆகிவிடும்.

கேள்வி: ஓடிய கிலோமீட்டர் மிகக் குறைவு என்றால் எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கலாம்?

கார் எதற்கு என்பதைப் பொறுத்தது. ஓட்டாமல் நிறுத்திவைத்து அழகு பார்க்கப்போகிறவர் கொடுக்கும் கூடுதல் தொகையை, ஞாயிறுதோறும் ஓட்டப்போகிறவர் கொடுப்பது வீண். முதல் ஆயிரம் கிலோமீட்டரிலேயே அந்த மதிப்பு கரையத் தொடங்கிவிடும்.

தவிர, நின்ற கார் நல்ல கார் என்று அர்த்தமில்லை. ரப்பருக்கு வயதுதான் கணக்கு. டைமிங் பெல்ட், கூலன்ட் ஹோஸ், சஸ்பென்ஷன் புஷ், கதவு சீல் எல்லாம் ஓடாமலே காய்ந்து வெடிக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, உள்ளே காலிப்பர் பிஸ்டனைத் துருவேற்றும். பழைய பெட்ரோல் பிசினாகி இன்ஜெக்டரை அடைக்கும். டயரின் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள்: 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பள்ளம் புத்தம்புதிதாக இருந்தாலும் பத்து வயதான டயரை மாற்றத்தான் வேண்டும். இந்த வேலைகளுக்கெல்லாம் மதிப்பீடு வாங்கி, குறைந்த கிலோமீட்டருக்காக நீங்கள் சேர்த்த தொகையிலிருந்து கழியுங்கள். பல சமயம் கூடுதல் என்று எதுவும் மிஞ்சாது.

மீட்டர் உண்மைதானா என்பது அடுத்த சந்தேகம். சர்வீஸ் பில்களையும் அரசுப் பரிசோதனைச் சீட்டுகளையும் தேதி வரிசையில் அடுக்கி, கிலோமீட்டர் ஏறிக்கொண்டே போகிறதா பாருங்கள். இரண்டு பில்களுக்கு நடுவே மூன்று நான்கு ஆண்டு இடைவெளி இருந்தால் அங்கே கேள்வி கேளுங்கள். போர்ஷே 911-இன் 997 தலைமுறை போன்ற கார்களில் எஞ்சின் கணினி மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதையும் வைத்திருக்கிறது. 1,500 மணி, 60,000 கிலோமீட்டர் என்றால் சராசரி வேகம் 40, நம்பலாம். அதே கிலோமீட்டருக்கு 3,500 மணி என்றால் சராசரி 17. நெரிசலில் மட்டுமே வாழ்ந்த காராக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் மீட்டரில் யாரோ கைவைத்திருக்கவேண்டும்.

கேள்வி: ஈ46 எம்3 ஒன்று பார்த்தேன். "ஒன்றிரண்டு சின்ன வேலைகள்தான் பாக்கி" என்கிறார். விலையும் கொஞ்சம் குறைவு. எப்படிக் கணக்குப் போடுவது?

இந்தக் காரில் சின்ன வேலை என்பது கிடையாது. முதலில் பார்க்கவேண்டியது பின்பக்கத் தரைத்தகடு. பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் சப்ஃப்ரேம் பிடித்திருக்கும் நான்கு இடங்களைச் சுற்றித் தகடு வெடிக்கும். காரணம், ஆக்ஸிலேட்டரை மிதிப்பதும் விடுவதுமாக மாறிமாறி வரும் முறுக்கு விசையை அந்த மெல்லிய தகடே தாங்கவேண்டியிருக்கிறது. சீல் பூச்சுக்கு அடியில் விரிசல் மறைந்திருக்கும் என்பதால், சப்ஃப்ரேமை இறக்கிப் பூச்சைச் சுரண்டிப் பார்த்தால்தான் முழுவதும் தெரியும். வெடிப்பை வெல்டிங் செய்து மூடினால் மட்டும் போதாது. கீழே வலுவூட்டும் தகடுகள் வைக்கவேண்டும், மேலிருந்தும் தாங்கல் கொடுத்தால் நல்லது.

அடுத்தது எஞ்சின். இந்தக் காரின் எஸ்54 எஞ்சினில் கனெக்டிங் ராட் பேரிங் தேயும். 2001 முதல் 2003 வரை செய்த எஞ்சின்களுக்குத் தயாரிப்பாளரே பேரிங் மாற்றித் தந்தார். பழைய ஆயிலைச் சோதனைக்கு அனுப்பினால் ஈயமும் செம்பும் கூடுதலாக இருப்பதில் தேய்மானம் தெரியும். வால்வ் திறக்கும் நேரத்தை மாற்றும் வேனாஸ் அமைப்பில் ஆயில் பம்பைச் சுழற்றும் சிறு நாக்குகள் உடைந்து விழும். வால்வ் இடைவெளியை இந்த எஞ்சினில் ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்துக் கையால் சரிசெய்யவேண்டும். அதற்கான பில் இல்லை என்றால் செய்யவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்கு. எல்லா வேலையும் முடிந்து பில்லோடு நிற்கும் அதே மாதிரிக் கார் 100. நீங்கள் பார்த்த காருக்குத் தரைத்தகடு வேலை 12, பேரிங் 7, வேனாஸ் 4, டயர் 3 என்று மதிப்பீடு வந்ததாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 26. அப்படியானால் விலை 74 என்று நிறுத்திவிடாதீர்கள். பிரித்த பிறகுதான் தெரியும் வேலைகள் வரும், கார் இரண்டு மாதம் பட்டறையில் நிற்கும், அந்த அலைச்சல் உங்களுடையது. மதிப்பீட்டில் கால்பங்கை அதற்காகச் சேர்த்தால் கழிவு 32-33, விலை 67-68. விற்பவர் 85 கேட்டால் அது மலிவு அல்ல, வேலைச் செலவையும் சேர்த்தால் 100-க்கு மேல்.

இதை மாற்றிப் போட்டுப் பார்க்கவும் கூடாது. எல்லா வேலையும் செய்து முடித்தவர் "26 பங்கு செலவு செய்திருக்கிறேன், 126 வேண்டும்" என்றால் படியாது. செய்த வேலை காரை 100-க்குக் கொண்டுவருகிறது, அவ்வளவுதான். செய்யாத வேலை முழுசாகக் கழியும், செய்த வேலை முழுசாகக் கூடாது. விற்பவருக்கு இது கசக்கும். ஆனால் வாங்குகிறவர்கள் எல்லாரும் இந்தக் கணக்கில்தான் வருகிறார்கள்.

கேள்வி: காயிலோவர் சஸ்பென்ஷன், பெரிய டர்போ, எக்ஸாஸ்ட், ட்யூன் என்று ஏகப்பட்ட பணம் போட்ட கார். அதற்கெல்லாம் மதிப்பு உண்டா?

போட்டவருக்கு உண்டு. சந்தை அதில் சிறு பங்குதான் திருப்பித் தரும். பல மாடல்களில் ஒன்றுமே தராது, சிலவற்றில் குறைக்கவும் செய்யும். பழகிப்போன ஒரு வழி: மாற்றிய பாகங்களைக் கழற்றித் தனியாக விற்றால் என்ன கிடைக்கும் என்று பாருங்கள். அதற்கு மேல் ஒரு காசும் சேர்க்காதீர்கள். கழற்றிய அசல் பாகங்கள் காரோடு வருகின்றனவா என்பது அதைவிட முக்கியம். அசல் சஸ்பென்ஷன், வீல், ஸ்டீயரிங், எக்ஸாஸ்ட் எல்லாம் பெட்டியில் கட்டி வந்தால் மாற்றத்தால் வந்த இழப்பு பெருமளவு சரியாகிவிடும்.

நட்டு போல்ட்டில் கழற்றக்கூடிய மாற்றத்தையும், வெட்டி ஒட்டிய மாற்றத்தையும் பிரித்துப் பாருங்கள். ஃபெண்டரை வெட்டி அகலப்படுத்தியது, ரோல் கேஜுக்காகத் தரையில் வெல்டிங் வைத்தது இவையெல்லாம் திரும்ப வராது. ட்யூன் செய்த டர்போ காரில் இன்னொன்று: சுபாரு எஸ்டிஐ-யின் 2.5 லிட்டர் எஞ்சினில் எரிபொருள் கலவை மெலிந்து நாக்கிங் (பெட்ரோல் நேரம் தப்பி வெடிப்பது) வந்தால் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடையும். ஆகவே யார் ட்யூன் செய்தார், எஞ்சின் சக்தியை அளந்த டைனோ அறிக்கை எங்கே, எந்த ஆக்டேன் பெட்ரோலுக்கு என்ற மூன்றுக்கும் காகிதம் இல்லாத ட்யூனுக்கு மதிப்புக் கூட்டாதீர்கள், கழியுங்கள்.

டொயோட்டா சுப்ரா ஏ80 போன்ற கார்களில் டர்போ இல்லாத மாடலை டர்போவாக மாற்றி, பிறவியிலேயே டர்போ என்பதுபோல் விலை சொல்வதுண்டு. செஸி எண்ணும் மாடல் குறியீட்டுத் தகடும்தான் இதற்கு நீதிபதி. ஓட்டத்துக்கு அந்தக் கார் பிரமாதமாக இருக்கலாம். விலைக்கு அது வேறு கார்.

கேள்வி: பெயின்ட் தடிமன் மீட்டர் வாங்கினேன். எந்த எண் வந்தால் பயப்படவேண்டும்?

தொழிற்சாலைப் பெயின்ட் பெரும்பாலும் 80 முதல் 160 மைக்ரான் வரை இருக்கும். ஒரு பேனல் மட்டும் 250-300 காட்டினால் அது மறுபடி பெயின்ட் அடித்தது. 1,000-ஐத் தாண்டினால் உள்ளே பட்டி. ஒரே இடத்தில் வைத்துப் பார்க்காமல் ஒவ்வொரு பேனலிலும் ஐந்தாறு இடத்தில் எடுங்கள். எண்ணைவிட எண்களுக்கு இடையே உள்ள ஏற்ற இறக்கம்தான் பேசும். பானெட்டும் முன் பம்பரும் கல் தெறித்து நிறம் போய் அடிக்கப்பட்டிருந்தால் பெரிய கழிவு தேவையில்லை. கூரையிலோ, கதவுத் தூணிலோ தடிமன் கூடினால் விடாதீர்கள். அந்த இடத்துக்கு யாரும் அழகுக்காகப் பெயின்ட் அடிப்பதில்லை.

அலுமினிய பானெட்டில் எண் வராவிட்டால் மீட்டர் கெட்டுப்போகவில்லை. இரும்பை மட்டும் படிக்கும் மலிவு ரகம் அது. லோட்டஸ் எலிஸ் போன்ற ஃபைபர் பாடியில் எந்தக் காந்த மீட்டரும் உதவாது. அங்கே ஃபெண்டர் உள்பக்கத்தை விளக்கடித்து நட்சத்திர வடிவ விரிசல் தேடவேண்டும். மீட்டர் இல்லாதவர்கள் ஃபெண்டர் போல்ட்டின் தலையைப் பார்க்கலாம்: பெயின்ட் உரிந்திருந்தால் ஸ்பானர் ஏறியிருக்கிறது. சீட் பெல்ட்டின் அடிநுனியில் உள்ள லேபிளில் தயாரித்த தேதி இருக்கும். கார் 2003, பெல்ட் 2008 என்றால் இடையில் ஏர்பேக் வெடித்ததா என்று கேளுங்கள்.

கேள்வி: ஜப்பான் ஏலச் சீட்டில் 4 என்றும் ஆர் என்றும் போடுகிறார்கள். விலையில் எவ்வளவு வித்தியாசம்?

ஏல நிலையத்தார் காரைப் பரிசோதித்துத் தரம் போட்டுக் கொடுக்கும் சீட்டு அது. 4, 4.5 என்பவை வயதுக்கு நல்ல கார்கள். 3.5 என்றால் கண்ணுக்குத் தெரியும் கீறல், ஒடுக்கு, டிங்கரிங் இருக்கும். ஆர், ஆர்ஏ என்பது உடற்சட்டத்தில் பழுது பார்த்த அல்லது பாகம் மாற்றிய கார். ஆனால் ரேடியேட்டரைத் தாங்கும் முன் குறுக்குத் தகட்டை மாற்றினாலும் ஆர்தான், தூணை வெட்டி ஒட்டினாலும் ஆர்தான். எனவே எழுத்தோடு நிற்காமல் சீட்டிலுள்ள கார் வரைபடத்தைப் படியுங்கள். ஏ கீறல், யூ ஒடுக்கு, டபிள்யூ டிங்கரிங் செய்த அலை, எஸ் துரு, எக்ஸ்எக்ஸ் மாற்றிய பேனல். பக்கத்தில் உள்ள 1, 2, 3 அளவைச் சொல்லும். எஸ் என்ற எழுத்தும் அடிப்பகுதித் துரு பற்றிய குறிப்பும் உள்ள 4-ஐவிட, முன் குறுக்குத் தகடு மட்டும் மாற்றிய ஆர்ஏ-யே மேல். சந்தை அப்படி விலை போடுவதில்லை என்பதால்தான் அங்கே லாபம் இருக்கிறது. திரும்ப விற்கும்போது அதே தள்ளுபடியை நீங்களும் கொடுக்கவேண்டிவரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: போர்ஷே 911-இன் 996 தலைமுறை ஏன் மற்ற 911-களைவிட மலிவு?

முட்டை உடைந்த மாதிரி இருக்கும் அதன் முன்விளக்கு பாதிக் காரணம். மீதி, ஐஎம்எஸ் எனப்படும் இடைத் தண்டின் பேரிங். அது உடைந்தால் எஞ்சினே போய்விடும். இந்தக் காரின் தொடக்க கால எம்96 எஞ்சின்களில் இரட்டை வரிசைப் பேரிங். பிறகு 2005 வரை சிறிய ஒற்றை வரிசை, இதில்தான் ஆபத்து கூடுதல். அடுத்த தலைமுறையான 997-யில் 2006-லிருந்து வந்த பெரிய பேரிங் உறுதியானது, ஆனால் எஞ்சினைப் பிரிக்காமல் மாற்றமுடியாது. 2009 மாடலாக வந்த புதிய எஞ்சினில் அந்தத் தண்டே கிடையாது. 996 டர்போவும் ஜிடி3-யும் வேறு எஞ்சின்; இந்தப் பிரச்சினை இல்லை, விலையும் அதனால்தான் வேறு உயரத்தில் நிற்கிறது.

பேரிங் மாற்ற கியர்பாக்ஸை இறக்கவேண்டும் என்பதால் கிளட்சும் பின்பக்க ஆயில் சீலும் ஒரே வேலையாகச் செய்வார்கள். மூன்றுக்கும் பில் உள்ள கார், இல்லாத காரைவிட அந்த வேலையின் முழுத்தொகை அளவுக்கு மேலானது. பேரிங் மட்டும் பேசிவிட்டு சிலிண்டர் சுவர் கீறலை மறந்துவிடவேண்டாம். ஒரு பக்க எக்ஸாஸ்ட் குழாய் மட்டும் கரி பிடித்திருப்பது, சூடான எஞ்சினில் டிக்டிக் சத்தம், ஆயில் குறைவது ஆகியவை அறிகுறிகள். சிலிண்டருக்குள் கேமரா விட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். 997-யில் எஞ்சின் வரம்பை ஒட்டியும் மீறியும் சுழன்றதைக் காட்டும், கணினியிலிருந்து எடுக்கும் அதிவேகச் சுழற்சிப் பதிவில் ஆறு நிலைகள் உண்டு. முதல் நிலையில் எண்கள் நிறைய இருந்தால் கவலை வேண்டாம், யாரோ சந்தோஷமாக ஓட்டியிருக்கிறார். நான்கு முதல் ஆறு வரை எண் இருந்தால் தவறான கியரில் விழுந்த கார். அது எத்தனையாவது மணியில் நடந்தது என்பதும் பதிவில் இருக்கும். அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான மணி நன்றாக ஓடியிருந்தால் கழிவைக் குறைக்கலாம்.

கேள்வி: மஞ்சள் நிறக் காருக்கு விலை குறையுமா?

குடும்பக் காருக்குக் குறையும். ஸ்போர்ட்ஸ் காரில் அபூர்வமான தொழிற்சாலை நிறம் விலையைக் கூட்டும். பின்னால் அடித்த மஞ்சள் என்றால் குறையும். கதவு மடிப்பிலும் டிக்கி ரப்பருக்கு அடியிலும் பார்த்தால் பிறந்த நிறம் தெரியும்.

கேள்வி: என் முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5 காரை விற்கப்போகிறேன். என்ன செய்தால் நல்ல விலை படியும்?

வாங்க வருகிறவர் முதலில் குனிந்து பார்ப்பது பின்சக்கரத்துக்கு முன்னால், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகட்டைத்தான். துணிக்கூரையின் வடிகால் துளை அடைத்தால் தண்ணீர் அங்கே இறங்கி உள்ளிருந்து துருப்பிடிக்கும். அந்த இடத்தை நீங்களே கிட்டத்தில் படம் எடுத்துப் போடுங்கள், நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும். படம் போடாத விளம்பரத்தில் துரு இருக்கிறது என்றே எல்லாரும் முடிவுகட்டுகிறார்கள். விற்பதற்குமுன் அங்கே புதிதாகக் கறுப்பு அண்டர்கோட் அடிக்காதீர்கள். சந்தேகத்துக்கு அதைவிட நல்ல உரம் இல்லை.

குளிர்ந்த எஞ்சினைத் தொடங்கும் வீடியோ, தேதி வரிசையில் பில்கள், இரண்டு சாவி. டைமிங் பெல்ட் 96,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றவேண்டியது. கடைசியாக எப்போது என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். 1991 நடுப்பகுதிக்கு முந்தைய 1.6 எஞ்சின் என்றால் கிராங்க் முனையின் சாவிப்பள்ளம் தேயும் பழக்கம் உண்டு. பார்த்துச் சரியாக இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். தொழிற்சாலை ஹார்ட்டாப் இருந்தால் காரோடு சேர்க்காமல் தனி விலை போடுங்கள். அதற்கென்றே தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். விலையைப் படியும் என்று நினைப்பதற்கு ஐந்து சதவீதம் மேலே வையுங்கள். இருபது சதவீதம் மேலே வைத்தால் பேரம் பேச ஆளே வராது. வெயில் காலம் தொடங்குமுன் விளம்பரம் வெளியாகிவிடட்டும்.

கேள்வி: நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் விலை ஏன் திடீரென்று ஏறுகிறது? வேறு கார்களும் அப்படி ஏறுமா?

தயாரித்து 25 ஆண்டு முடிந்த வெளிநாட்டுக் காரை அமெரிக்காவில் இறக்குமதி செய்ய அந்நாட்டுப் பாதுகாப்புத் தர விதியிலிருந்து விலக்கு உண்டு. தயாரித்த மாதத்திலிருந்து கணக்கு. 1989-இல் வந்த ஆர்32 தலைமுறை ஜிடி-ஆர் 2014-லிருந்தும், 1999-இல் வந்த ஆர்34 தலைமுறை 2024-லிருந்தும் அங்கே போகத் தொடங்கின. ஒரு பெரிய சந்தை திறக்கப்போவது எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும் என்பதால் விலை அந்தத் தேதிக்குக் காத்திருக்காமல் முன்னாலேயே ஏறிவிடுகிறது. தேதி நெருங்கும்போது வாங்கினால் ஏற்றத்தை விற்றவர் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பார். லாபக் கணக்கில் காப்பீடு, நிறுத்துமிடம், ஆண்டுச் சர்வீஸ் மூன்றையும் கழியுங்கள். ஃபெராரி எஃப்355 போல் பெல்ட் மாற்றவே எஞ்சினை வெளியே இறக்கவேண்டிய கார் என்றால் அதையும் ஆண்டுக்கு இவ்வளவு என்று பங்கிட்டுச் சேர்க்கவேண்டும்.

கேள்வி: மஸ்டா ஆர்எக்ஸ்-8 இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறதே, வாங்கலாமா?

எஞ்சின் உயிரோடு இருந்தால் வாங்கலாம். சாதாரண கம்ப்ரெஷன் மீட்டரை வைத்து "நன்றாக இருக்கிறது" என்று சொல்வதை ஏற்காதீர்கள். இதில் இருப்பது பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர்கள் சுழலும் ரோட்டரி எஞ்சின். ரோட்டர் இரண்டு, ஒரு ரோட்டருக்கு மூன்று முகம். சாதாரண மீட்டர் மூன்றில் அதிகமானதை மட்டும் காட்டி நிற்கும். ரோட்டரிக்கென்றே உள்ள கருவியில், எஞ்சின் சூடாக இருக்கும்போது எடுத்து, நிமிடத்துக்கு 250 சுழற்சிக்குத் திருத்திய ஆறு எண்கள் வேண்டும். ஆறும் 6.9 பாருக்கு மேல் இருக்கவேண்டும், ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசமும் கூடாது. நன்றாகச் சூடேறிய பிறகு அணைத்து, பத்து நிமிடம் கழித்துத் தொடங்கிப் பாருங்கள். ஸ்டார்ட்டர் நீண்ட நேரம் சுழன்றால் சீல்கள் தேய்ந்துவிட்டன. அந்த ஆறு எண்கள் உள்ள சீட்டு இல்லாத ஆர்எக்ஸ்-8-ஐ, எஞ்சினைத் திறந்து கட்டவேண்டிய காராகவே கணக்கில் எடுத்து, முழுச்செலவையும் கழித்து விலை சொல்லுங்கள்.